கெங்கம்மா பெட்டியில் இருந்த பச்சைப் புள்ளி

ஃபிர்தௌஸ், பெண், வயது 33, தகப்பனார் பெயர் அத்தாவுல்லா, இருப்பிடம் பழைய வண்ணாரப்பேட்டை, தொழில் மின்சாதனப் பழுதுபார்ப்பு. இம்மாதம் 29-ஆம் தேதி காலை பதினொன்றரை மணிக்குக் காவல் நிலையத்தில் தானாக ஆஜராகிச் சொன்னது. தலைமைக் காவலர் சுப்பராயன் எழுதியது.

நான் மேற்படி முகவரியில் என் தகப்பனாருடன் இருந்து வருகிறேன். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் படித்திருக்கிறேன். உடன் படித்த ஆஃபியா என் தொழில் கூட்டாளி. பதினொரு வருடமாக இருவரும் தண்டையார்பேட்டையில் பழுதுபார்க்கும் கடை நடத்தி வருகிறோம். வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பவர் சப்ளையை யாராவது கேட்டால் நாங்களே பெட்டி செய்தும் கொடுப்போம்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்து வாங்கி வருவதும் அவற்றைச் சோதிப்பதும் ஆஃபியாவின் வேலை. சால்டர் வைப்பது, அதாவது ஈயம் உருக்கிப் பாகங்களை ஒட்டுவது, என் வேலை. அவளுக்குச் சால்டர் வராது, வைத்தால் ஈயம் கொழுக்கட்டை மாதிரி திரண்டு நிற்கும், அதைச் சொல்லி நான் கேலி செய்வேன். எனக்குப் பொறுமை கிடையாது, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு பொடி எழுத்தைப் படிக்க உட்கார மாட்டேன். ஆகவே அவள் சோதித்து முடித்த பாகத்தில் பச்சை மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். புள்ளி இருந்தால் நான் மறுபடி பார்ப்பதில்லை. முதல் வருடம் இரண்டு முறை திரும்பப் பார்த்துவிட்டேன். அதற்காக மூன்று நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அதன் பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இம்மாதம் 3-ஆம் தேதி காத்திவாக்கத்திலிருந்து கெங்கம்மா என்பவர் கடைக்கு வந்தார். உயிர் இறால் விற்பவர். தொட்டியில் உப்புத் தண்ணீரைச் சுற்ற விடுவதற்குத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கும் சின்ன மோட்டார் வைத்திருப்பதாகவும், அதற்கு வாங்குகிற அடாப்டர் எல்லாம் மாதத்துக்கு ஒன்று செத்துப் போவதாகவும், உழைக்கிற மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றும் கேட்டார். நாள் முழுக்கத் தொட்டியில் கையை விட்டு இறால் அள்ளுகிறவர் என்பதால், கரண்டு அடிக்குமா என்று இரண்டு தடவை கேட்டார். மோட்டாருக்குப் போவது பன்னிரண்டு வோல்ட்தான் என்று நான் விளக்கிச் சொன்னேன். என் வாயால் சொன்னது: "தாராளமா கைய வெய்க்கலாம்மா, ஒண்ணும் ஆவாது." இதை அப்படியே எழுதச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

அப்போது ஆஃபியா, தன் வீட்டு மீன் தொட்டிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும், இரண்டாகச் செய்வோம் என்று சொன்னாள். அவளுக்கு ஏழு வயதில் ஒரு மகள். எப்போது பார்த்தாலும் அந்தத் தொட்டிக்குள் கை விட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை.

இந்தப் பெட்டிக்குள் ஒரு பக்கம் வீட்டுக் கரண்டு, மறுபக்கம் பன்னிரண்டு வோல்ட். இரண்டுக்கும் நடுவில், மின் இரைச்சல் அடங்குவதற்காக, பொத்தான் அளவில் நீல நிறக் கெபாசிட்டர் ஒன்று வரும். அது பாதுகாப்புக் கெபாசிட்டராகத்தான் இருக்க வேண்டும். அது பழுதானால் இணைப்பு அறுந்து போகும்படி செய்திருப்பார்கள். சாதாரணக் கெபாசிட்டர் பழுதானால் ஒட்டிக்கொள்ளும், வீட்டுக் கரண்டு நேராகத் தண்ணீருக்குப் போகும். இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு. மேலே அச்சடித்த பொடி எழுத்தில்தான் வித்தியாசம். இது எனக்குத் தெரியும். என்னைவிட ஆஃபியாவுக்கு நன்றாகத் தெரியும். பழைய போர்டிலிருந்து எதைப் பிடுங்கிப் போட்டாலும் இதை மட்டும் புதிதாக வாங்க வேண்டும் என்று கடையில் சட்டம் வைத்ததே அவள்தான்.

5-ஆம் தேதி அவள் ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாகங்களை வாங்கி வந்தாள். 7-ஆம் தேதி காலை கெங்கம்மா பெட்டிக்கான பாகங்களைத் தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினாள். நீலக் கெபாசிட்டரில் பச்சைப் புள்ளி இருந்தது. "புள்ளி வெச்சிட்டேன்டி, நீ அடி" என்றாள். நான் சால்டர் வைத்தேன். அவளுடைய பெட்டியையும் கொடு, ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன் என்று கேட்டதற்கு, அதை வீட்டிலேயே தானே செய்துகொள்வதாகச் சொன்னாள். அதிசயமாக இருந்தது. இப்போதாவது கொழுக்கட்டை பிடிக்கக் கற்றுக்கொள் என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். மறுநாள் பெட்டியைக் கெங்கம்மா வாங்கிப் போனார்.

27-ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அந்தப் பக்கம் கரண்டு போய், திரும்ப எகிறி வந்திருக்கிறது. அதில் பெட்டி பழுதானது தெரியாமல் கெங்கம்மா தொட்டியில் கை விட்டதும் கரண்டு பிடித்திருக்கிறது. அவர் மகன் அசோகன் பிளக்கைப் பிடுங்கியதால் உயிர் பிழைத்தது. எட்டரை மணிக்கு அசோகன் எங்கள் இருவருக்கும் போன் செய்ததும் நான் ஓடினேன். கெங்கம்மாவை அதற்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தார்கள். இறால் எல்லாம் தொட்டியில் செத்து மிதந்தது. அசோகன் முன்னிலையில் பெட்டியைத் திறந்தேன். நீலக் கெபாசிட்டர் வெடித்துக் கிடந்தது. முதல் தடவையாகப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாதுகாப்பு முத்திரை ஒன்றுகூட இல்லை, வோல்ட் மட்டும் போட்ட சாதாரணக் கெபாசிட்டர். பச்சைப் புள்ளி அழியாமல் அப்படியே இருந்தது.

அவளும் ஏமாந்திருப்பாள், போலியைக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். போன் செய்தேன், எடுக்கவில்லை. அதன் பிறகு பிற்பகலில் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வெளியே போயிருப்பதாக அவள் தாயார் ரஹீமுன்னிசா சொல்லி, உட்கார வைத்து டீ கொடுத்தார். கூடத்தில் மீன் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெட்டியும் அதே மாதிரிதானே, பிள்ளை கை வைக்குமே என்று எழுந்துவிட்டேன். அவரிடம் கேட்டுக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கி, நாலு திருகாணியையும் கழற்றினேன்.

உள்ளே இருந்தது அசல். முத்திரை எல்லாம் வரிசையாக இருந்தது. ஈயம் கொழுக்கட்டையாக நின்றது. பச்சைப் புள்ளி வைக்கவில்லை. படம் எடுத்துக்கொண்டேன், இத்துடன் கொடுத்திருக்கிறேன். மீன்கள் என்ன பாவம் செய்தன, மூடி மாட்டி ஓட விட்டுவிட்டு வந்தேன். டீயைக் குடிக்கவில்லை.

28-ஆம் தேதி ரிச்சி தெருக் கடைக்காரர் முபாஷிரிடம் போனில் விசாரித்தேன். 5-ஆம் தேதியன்று பாதுகாப்பு ரகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்ததாகவும், அடுத்த சரக்கு வரப் பத்து நாள் ஆகும் என்று சொன்னதற்கு, அதே நீலத்தில் சாதாரணம் ஒன்றும் கொடுங்கள் என்று ஆஃபியா வாங்கிப் போனதாகவும் சொன்னார்.

ஒன்றுதான் கிடைத்தது என்று என்னிடம் சொல்லியிருந்தால், பிள்ளை தொட்டிக்கே போடு என்று நானே சொல்லியிருப்பேன். கெங்கம்மாவைப் பத்து நாள் பொறுக்கச் சொல்லியிருப்பேன். அவள் சொல்லவில்லை. புள்ளி வைத்தால் நான் பார்க்க மாட்டேன் என்பது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அன்றே ஆஸ்பத்திரிக்கும் போனேன். கெங்கம்மாவின் வலது கை முழங்கைக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் கிடக்கிறது. அவர் என்னைத் திட்டவில்லை. "நீதானம்மா கைய வெய்க்கலாம்னு சொன்ன" என்று மட்டும் கேட்டார்.

பாகங்களைத் தேர்ந்தெடுத்ததும் சோதித்ததும் ஃபிர்தௌஸ்தான், எனக்கு ஒன்றும் தெரியாது என்று 27-ஆம் தேதி ஆஃபியா கொடுத்த வாக்குமூலத்தை உதவி ஆய்வாளர் இன்று எனக்குப் படித்துக் காட்டினார். நான் டீ முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தில் அவள் இதே நாற்காலியில் உட்கார்ந்து அதைச் சொல்லியிருக்கிறாள். வயிறு எரிகிறது. எரிவதை எல்லாம் எழுத முடியாதம்மா என்று ஏட்டு அய்யா சொன்னார், எழுதச் சொன்னேன்.

சால்டர் வைத்தது நான். பார்க்காமல் வைத்ததும் நான். கெங்கம்மாவிடம் வாக்குக் கொடுத்ததும் நான். அதற்கு என்ன உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன். புள்ளி என்னுடையது அல்ல. மீன் தொட்டிப் பெட்டியை ஆஃபியா பிரிப்பதற்குள் கைப்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மேலே கண்டவை நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளன. படித்துக் காட்டக் கேட்டேன், உண்மை. முதல் பக்கத்தில் ஆஃபியா பெயருக்குப் பின்னால் என் உயிர்த் தோழி என்று நான் சொல்லி எழுதப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுத் தொழில் கூட்டாளி என்று எழுதச் சொன்னேன். அந்த அடித்தலுக்குப் பக்கத்தில் தனியாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
அ. ஃபிர்தௌஸ்