முத்திரை குத்தாத மன்னிப்பு

மீன் அடை சுடும்போது தீ சிறிதாக இருக்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே கருகும், உள்ளே வேகாது. கொரியாவின் ஆந்தோங்கில் இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக நான் வந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. வருடத்துக்குப் பதினோரு திதி, அதுபோக அறுவடைக்குக் கொண்டாடும் சுசோக் பண்டிகை, புத்தாண்டு. செத்தவர்களுக்குச் சமைத்தே என் இடுப்பு போயிற்று. குறைப்பட்டுக்கொண்டதில்லை.

என் மாமியார் முறை தவறாதவர். நான் வந்த முதல் வருடம், படையலில் மீனின் தலை கிழக்கே பார்க்கவில்லை என்று தாம்பாளத்தோடு முற்றத்தில் கவிழ்த்தார். மறுபடி சமைத்தேன். அவர் செய்தது சரிதான்.

போன சுசோக்குக்கு சியோலிலிருந்து கொழுந்தன் தேக்யூவும் அவன் மனைவி ஹேரிமும் வந்தார்கள். ஹேரிம் கடையில் வாங்கிய அடைகளைப் பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்தாள். மாமியார் ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"நல்லாத்தானே இருக்கு. இதையே படையல்ல வைங்க. அடுத்த வருஷத்துலேருந்து திதியெல்லாம் நிறுத்திடலாம். செத்தவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"முப்பது வருஷமா நான் செஞ்சேனே அத்தை."

"உன்னை யாரு செய்யச் சொன்னா? நீயா இழுத்துப் போட்டுக்கிட்ட."

ஹேரிம் சிரித்தாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, எதற்கும் சிரிக்கிற சுபாவம் அவளுக்கு. தேக்யூவும் சிரித்தான். என் கணவர் தோக்சு இன்னொரு அடை எடுத்துக்கொண்டார், டப்பாவிலிருந்து.

மாமியாரின் முழங்கால் வலிக்கு ஹேரிம் ஒரு வேரும் வாங்கி வந்திருந்தாள். பகல் முழுதும் கொதித்தால் மருந்து, இல்லாவிட்டால் விஷம். பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, எல்லோரோடும் கல்லறைக்குக் கும்பிடப் போனாள். மாமியார் உள்ளறையில் படுத்திருந்தார், நான் அடுப்படியில் அடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் திரும்பி வருவதற்குச் சற்று முன்னால், வெந்த கஷாயத்தைக் கொட்டிவிட்டு, பொட்டலத்தில் மிச்சமிருந்த பச்சை வேரைப் புதுத் தண்ணீரில் போட்டு வைத்தேன். அவர்கள் வந்தபோது பானை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. ஹேரிம் வடிகட்டி, ஊதி ஆற்றி, தன் கையாலேயே கொடுத்தாள். பொழுது சாய்வதற்குள் மாமியார் போய்விட்டார்.

எனக்குக் கோபம் இருந்ததாக நினைக்க வேண்டாம். முறையை நிறுத்தப் பார்த்தார். நான் நிறுத்தவிடவில்லை, அவ்வளவுதான்.

நீதிமன்றத்தில் கேட்டதற்கெல்லாம் உண்மையே சொன்னேன். வேரை வாங்கியது யார்? ஹேரிம். ஏற்றியது? ஹேரிம். கொடுத்தது? ஹேரிம். பானையை இடையில் தொட்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வேர் விற்றவன், "சாயங்காலம் வரைக்கும் கொதிக்கணும்னு ரெண்டு தடவ சொல்லி அனுப்பினேன்" என்றான். 'கிழவி எப்பத்தான் போவாளோ' என்று ஹேரிம் தோழிக்கு அனுப்பிய செய்தியும் கிடைத்தது. பண்டிகை நாளில் எங்கள் வீட்டு ஆண்கள் அடுப்படியில் கால் வைக்கமாட்டார்கள். இருந்தாலும் ஐந்து ஆண்கள் வந்து அடுப்படியைப் பற்றிச் சாட்சி சொன்னார்கள்.

"போகும்போதும் அண்ணி அடை சுட்டுக்கிட்டிருந்தாங்க, வரும்போதும் சுட்டுக்கிட்டிருந்தாங்க. அவங்க வேற எங்க போவாங்க?" என்றான் தேக்யூ. முப்பத்தொரு வருடத்தில் என் வேலையை அந்த வீட்டார் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஹேரிமுக்குப் பதினைந்து வருடம் தீர்ப்பாயிற்று. மேல்முறையீடு செய்தாள். அவளுடைய வக்கீல் ஒரு தாளோடு வந்தார். குற்றத்தை மன்னித்தோம், தண்டனையைக் குறையுங்கள் என்று செத்தவர் வீட்டார் எழுதி, கையெழுத்துக்குப் பதில் அவரவர் முத்திரை குத்தினால் மேல்கோர்ட்டு கொஞ்சம் இரங்கும். என் கணவர் குத்திவிட்டார்.

"நீங்களும் குத்திட்டா ரெண்டு மூணு வருஷம் குறையும்மா," என்றார் வக்கீல்.

முடியாது என்றேன். குற்றமே செய்யாத ஒருத்தியின் குற்றத்தை மன்னித்தேன் என்று எப்படி எழுதுவது? தாளில் பொய் எழுதிப் பழக்கமில்லை எனக்கு. காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. துக்கம் இன்னும் ஆறவில்லை என்று அவராகவே நினைத்துக்கொண்டு தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனார்.

அப்புறம் சிறைக்குப் போய் அவளைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அக்கா, அவரே இப்ப என்னைப் பார்க்க வர்றதில்ல. நீங்களும் நான்தான் செஞ்சேன்னு நினைக்கிறீங்களா?"

"இல்லம்மா. நீ செய்யல. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நேரம் முடிகிறவரை அழுதாள். "நீங்க ஒருத்தராவது நம்புறீங்களே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

போன வாரம் மேல்முறையீடு தள்ளுபடியாயிற்று. திதிகள் ஒன்றுகூட நிற்கவில்லை, மாமியாருடையதும் சேர்ந்து இப்போது பன்னிரண்டு. ஹேரிமுக்காக யாரும் ஒன்றும் செய்யவில்லை என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும். இந்தக் குடும்பத்தில் அவளை ஒரு நாள்கூடச் சந்தேகப்படாதவள் நான் ஒருத்திதான்.