உத்திராபதியின் இடது முட்டி

"ஹலோ... ஹலோ... ஏங்க, உள்ள கூப்பிட்டுட்டாங்களா?... இன்னும் இல்லியா? நல்லதாப் போச்சு. மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க..."

நீடாமங்கலத்துக்கு மேற்கே, நடவு வயலின் சேற்றில் நின்றபடி சௌந்தரநாயகி போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். கையில் நாற்று முடி. புருஷன் உத்திராபதி, ஓய்வுபெற்ற ஹவில்தார், சென்னையில் ராணுவ மருத்துவக் குழுவின் அறைவாசலில் காத்திருந்தார். பனிமலையில் விழுந்து உடைந்த முட்டிக்குப் போன முறை பதினைந்து சதவீத ஊனம் என்று எழுதிவிட்டார்கள். இருபது இருந்தால்தான் ஊனப் பென்ஷன். இது மேல்முறையீடு.

"ஆமா... ஆமாமா, சாப்பிட்டேன். பேச்ச மாத்தாதீங்க. போன தடவ என்ன பண்ணீங்க?... அவங்க தப்பா? டாக்டரு மேஜருன்னு தெரிஞ்சதும் வெறப்பா நின்னு, கால ஓங்கி அடிச்சு ஒரு சல்யூட்டு. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, நல்லா இருக்கேன் சாரு! அப்புறம் ஊனம்னு எவன் எழுதுவான்?... பழக்கமா? பட்டாளத்த விட்டு எத்தன வருசமாச்சு!... நடிக்கவா? யாரு நடிக்கச் சொன்னா? உள்ளதச் சொல்லுங்கங்கிறேன். கோயில் அன்னதானத்துல ஏன் சாம்பார் வாளியத் தூக்கிட்டு நிக்கிறீங்க?... சேவையா! தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாது, அதான். ஊரு என்னடான்னா தர்மப்பிரபுங்குது... ஏய் பூவிழி, நீ ஏன்டி இளிக்கிற, நட்டுக்கிட்டே போ!... என்னது, பேரச் சொல்லிட்டாங்களா? போன வைக்காதீங்க. அப்படியே சட்டப் பையில போடுங்க."

வயலில் பேச்சு நின்றது. போனுக்குள் ஒரு கதவு திறந்தது. நாலு எட்டு. அப்புறம், தரையில் 'டம்'மென்று ஒரு கால். எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு பெண் டாக்டரின் குரல்.

"போச்சு, அடிச்சிட்டாரு... நல்லா இருக்காராம்டி! நல்லா இருக்காராம்!... ஏங்க! யோவ்! மேடம்! மேடம், அவரு பையில பாருங்க, பையில!..."

அடுத்த வார்த்தையில் சௌந்தரநாயகியின் குரல் தானாக இறங்கிவிட்டது.

"வணக்கம் மேடம்... அவரு சம்சாரம்ங்க... தப்புத்தாங்க, உள்ள போன் வச்சிருக்கக் கூடாதுதாங்க... ஒண்ணே ஒண்ணு மேடம். அவர ஒருதரம் தரையில சம்மணம் போட்டு உக்காரச் சொல்லுங்க... ஆமாங்க, அவ்வளவுதாங்க... உக்காந்துட்டாரா? இப்ப எந்திரிக்கச் சொல்லுங்க... மேசையப் பிடிக்க விடாதீங்க மேடம்... ம்... ம்... முடியலியா?... ஐயய்யோ, யாரும் தூக்கிவிடாதீங்க! செத்த நேரம் அப்படியே விட்டுப் பாருங்க!"

நாற்று முடி கையில் நசுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியவில்லை.

"சரிங்க மேடம், குடுங்க... ஏங்க... திட்டுங்க, திட்டுங்க. மிச்சத்த வீட்டுக்கு வந்து திட்டுங்க... என்னது?... வலிக்குதா?"

கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த வாயிலிருந்து அவள் கேட்டிராத சொல்.

"அத ஏன் என்கிட்ட சொல்றீங்க? எதிர்ல இருக்காங்கல்ல, அவங்ககிட்ட சொல்லுங்க... கேக்கல, சத்தமா... இன்னும் சத்தமா... ஆங்!... எழுதுறாங்களா?... எழுதட்டும், எழுதட்டும். அவங்க எழுதி முடிக்கிற வரைக்கும் நீங்க எந்திரிச்சித் தொலையாதீங்க... ஹலோ?... ஹலோ?..."