நிக்கல்காரி வூட்டுக்காரர்

— சிரிக்காதீங்க. நெசமாவே வரலீங்க. மூணு நாளா அதே நிக்கல் பொடி, அதே அமோனியா போரேன் கரைசல். ஹைட்ரஜன் நாலு குமிழி வந்து நின்னுடுது.

— நான் எங்கடி சிரிச்சேன்? பஸ் குலுக்குது.

— போன வாரம் மட்டும் எப்படி வந்துச்சு? போட்டு மூடறதுக்குள்ள அளவுக் குழாய் நெறஞ்சுதே!

— அதான, லேபே கைதட்டுச்சே.

— உங்களுக்கு அது ஆகல.

— ஆமா, ஆகல. பொறாமைதான், போதுமா? நாலு வருசமா செம்பக் கட்டிக்கிட்டு அழுவறேன், ஒரு தடவ என் குழாய் நெறஞ்சுதா? நீ சேர்ந்து ஒரு வருசம். நம்ம கைடு நல்லதம்பி சார் இப்பல்லாம் என்னை வேல்முருகன்னு கூப்பிடறதே இல்ல. 'சுகன்யா வூட்டுக்காரரே, அந்த ஜன்னலச் சாத்துங்க'ங்கறார். எங்கம்மா வேற, 'மருமவ தண்ணியில கார் ஓட்டப் போறாளாமே, நீ என்னடா பண்ற?'ங்குது.

— நாளைக்கு என் ரிசல்ட்டப் பாக்க சென்னையிலேந்து பெரிய சார் வராருங்க. அவர் கண்ணு முன்னாடி செஞ்சு காட்டணும். காட்டலன்னா பொய் ரிசல்ட் குடுத்தவள்னு பேராயிடும். பிஎச்.டி.யே போச்சு.

— என்னமோ, அன்னிக்கு உனக்கு அதிர்ஷ்டம்.

— அதிர்ஷ்டம் இல்ல. அன்னிக்கு மிஞ்சின கருப்புப் பொடிய திருச்சிக்கு அனுப்பி சோதிக்கச் சொன்னேன். இன்னிக்கு பதில் வந்துடுச்சு.

— ம்.

— நிக்கல் மட்டும் இல்லியாம். செம்பும் இருக்காம். ஒவ்வொரு துகள்லயும் ரெண்டும் சேர்ந்தே இருக்காம்.

— குடுவைய ஒழுங்கா கழுவியிருக்க மாட்ட.

— கழுவினேன். நம்ம லேப்ல செம்புக் கரைசல் வச்சிருக்கறது ஒரே ஆளு. நான் டீ குடிக்கப் போனப்ப என் மேசைகிட்ட நின்னதும் அதே ஆளு.

— பேரளி தாண்டிட்டோமா? இந்த சிமெண்டு லாரிப் புழுதியில ஒண்ணும் தெரியல.

— வெளிய பாக்காதீங்க. என்னைப் பாத்து சொல்லுங்க.

— கெட்டுப் போவட்டும்னுதான்டி ஊத்தினேன். அது என்னடான்னா பொங்கிக்கிட்டு வருது! எல்லாரும் உன்னைச் சுத்தி நிக்கறாங்க. அது என் செம்புடி. நான் யார்கிட்ட போய் சொல்லிக்கறது?

— எங்கிட்ட சொல்லியிருக்கலாம்.

— சொன்னா? அப்புறமும் என்கூட குடும்பம் நடத்துவியா?

— அத நாளைக்கு சாயந்திரம் பேசிக்கலாம். காலையில எங்கூட வாங்க. அன்னிக்கு எப்படிக் கெடுத்தீங்களோ, அளவு மாறாம, பெரிய சார் முன்னாடி நின்னு அப்படியே கெடுத்துக் குடுங்க.