இரும்புச் சட்டகச் சுவரும் பேரையூர்க் கரிசலும்

தலைமைப் பீடத்தில் வீற்றிருந்து, இடக்கையில் கடிகாரமும் வலக்கையில் மணியுமாக என்னையே நோக்கிக்கொண்டிருக்கும் வக்கீல் விஸ்வேஸ்வர ஐயர் அவர்களே! பேரையூர்ச் சீமையிலிருந்து வண்டி பூட்டி, வழியெல்லாம் புழுதி குடித்து, எங்கள் பள்ளிக்கூடத்தை உங்கள் பள்ளிக்கூடமாக எண்ணி வந்திருக்கும் பெரியோர்களே! சர்க்கார் கச்சேரிக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் மதுரை மாநகரத்து அன்பர்களே! எல்லோருக்கும் மேலாக, வடக்குச் சுவரோரம் பாய் விரித்து, கைக்குழந்தைகளை மடியில் கிடத்தி, முதுகைச் சுவரில் சாய்த்து இளைப்பாறிக்கொண்டிருக்கும் என் தாய்மார்களே!

தாய்மார்களே, உங்களை வணங்கி முதலில் ஒன்று கேட்கிறேன். முதுகை எடுங்கள். சுவரை விட்டு முன்னே வாருங்கள். ஒரு பாய் அகலம் வந்தால் போதும். ஆண்களுக்கு அருகில் வருவதா என்று கூசுகிறீர்களா? ஐயா, ஆண்பிள்ளைகள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தேய்ந்து போய்விட மாட்டீர்கள். ஆம், அப்படித்தான். அந்த மூலையில் பச்சைச் சேலை கட்டிய அம்மா, குழந்தை தூங்கினாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள். நன்றி. நன்றி.

இந்த மண்டபத் திறப்பு விழாவில், பள்ளியின் ஆசிரியையான எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பெண் கல்வியின் பெருமை’. நல்ல தலைப்பு. மாலைவரை பேசலாம். ஆனால் அந்தப் பெருமையைப் பேசும் நாக்கு இன்று எனக்கு எழவில்லை. என் கண் உங்கள் முகத்தில் நிற்கவில்லை. உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்ப் போய் நிற்கிறது. வெள்ளையடித்து, மாவிலை கட்டி, சந்தனப் பொட்டு வைத்து நிற்கிறதே அந்த வடக்குச் சுவர், அதைக் கண்டு நான் அஞ்சுகிறேன். மறைக்காமல் சொல்கிறேன், மிகவும் அஞ்சுகிறேன்.

யாரும் எழ வேண்டாம்! உட்காருங்கள், உட்காருங்கள். இந்த மண்டபத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. நாம் அத்தனை பேரும் ஓடினால் சுவர் செய்யாத கேட்டை வாசல் செய்துவிடும். நான் சொல்லி முடிக்கும்வரை அமைதியாக இருங்கள். பிறகு வரிசையாகப் போகலாம்.

என்ன சொல்கிறார் அந்த அன்பர்? “புதுச் செவுருதானே தாயி, அதுக்குள்ளயா விழுந்துரும்?” என்கிறார். நல்ல கேள்வி. புதுச் சுவர் ஏன் விழ வேண்டும்? யார் குற்றம்? கொத்தனார் குற்றமா? இல்லை. இரும்பின் குற்றமா? இல்லை. பணம் குறைந்ததா? ஐயையோ, இல்லவே இல்லை. அன்பு மிகுந்தது, ஐயா. அன்பு மிகுந்ததால் வந்த ஆபத்து இது.

இந்த மண்டபம் முன்னாளில் பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கி என்பது உங்களுக்குத் தெரியும். வடக்கே வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலின் ஓதம் செங்கலில் ஏறி, கோடையிலும் அந்தச் சுவர் வியர்க்கும். பூசிய காரை பூசிய வருஷமே பொரிந்து உதிரும். பெண்பிள்ளைகள் அதன் ஓரத்தில் உட்கார்ந்து இருமுவார்கள். மூன்று முறை பூசினோம், மூன்று முறையும் உதிர்ந்தது. அப்போதுதான் ஓவர்சியர் ஹாலாஸ்யம் ஒரு வழி சொன்னார். அதோ, தூணருகில் நகத்தைக் கடித்தபடி நிற்கிறார், அவர்தான்.

செங்கல் சுவரைத் தொடாமல், அதற்கு முன்னால் நாலு விரல் தள்ளி, இரும்புப் பட்டைகளை வரிசையாக நிறுத்தினார். அவற்றைக் கொக்கிகளால் பின்சுவரோடு பிடித்தார். பட்டைகள்மேல், வலைபோல் வெட்டி இழுத்த இரும்புத் தகட்டைக் கட்டுக்கம்பியால் கட்டினார். அந்த வலையின்மேல் காரை பூசினார். பின்சுவர் வியர்க்கட்டும், நனையட்டும், அழட்டும். அந்த ஈரம் நம் பூச்சுக்கு வராது. நடுவே நாலு விரல் காற்று ஓடுகிறது. தாய்மார்களே, ஈரச் சேலையை நீங்கள் சுவரில் அப்பியா காயப்போடுகிறீர்கள்? கொடியில் போடுகிறீர்கள், இருபுறமும் காற்று ஓட. அதே கணக்குத்தான். காற்று வந்து போவதற்காக உச்சியில் ஒரு சாண் திறந்தே விட்டிருந்தார். இரும்பும் வலையும் காரையும் ஒரு பங்கு வேலை. அந்த வெற்றிடமே மீதி வேலை!

ஆனால் வெற்றிடம் என்ற சொல்லே நம் ஊர்க்காதுக்கு ஆகாதே! நம் பழக்கம் என்ன? பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறுமையாகக் கொடுப்போமா? ஒரு பிடி அரிசி, ஒரு கரண்டி குழம்பு, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பச்சைமிளகாயாவது போட்டுத்தான் கொடுப்போம். வெறும் பாத்திரம் கொடுத்தவள் என்று பெயர் வாங்க எந்தப் பெண்ணாவது சம்மதிப்பாளா? மாட்டாள்.

இந்த மண்டபத்துக்குக் கொடை கொடுத்தவர் விருமாண்டி அண்ணன். முன்வரிசையில், மீசையை நீவியபடி என்னைக் கடுமையாகப் பார்க்கிறாரே, அவரேதான். அண்ணே, கோபிக்காதீர்கள், கடைசிவரை கேளுங்கள். கார்த்திகையில் அவர் வேலையைப் பார்க்க வந்தார். விரல் மடக்கிச் சுவரைத் தட்டினார். அவர் முகம் மாறியது. “என்ன தாயி, செவுரு பொக்கா இருக்கு? தட்டுனா டொக்கு டொக்குங்குதே! அம்புட்டும் போட்டு வெறுங்கூட்டையா கட்டிருக்காக?” என்றார். நான் காற்றின் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “காத்தக் குடுத்தேன்னு ஊருக்குள்ள போயி எப்படித் தாயி மொகம் காட்டுவேன்?”

சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மார்கழி விடுமுறைக்கு நான் திண்டுக்கல்லில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். ஹாலாஸ்யம் ஒத்தக்கடையில் வேறு வேலையில் இருந்தார். அப்போது பட்டப்பகலில், மேளம் வைத்து, பேரையூர்ப் பக்கத்திலிருந்து வண்டிகள் வந்தன. வண்டி நிறைய என்ன? மண்! அவரவர் சொந்தப் புஞ்சையில் அள்ளிய மண்! குலவையிட்டு, தண்ணீர் விட்டுக் குழைத்து, சாரத்தில் ஏறி, காற்றுக்காக விட்ட அந்த உச்சித் திறப்பு வழியாகக் கூடை கூடையாகக் கொட்டினார்கள். முதல் கூடையைக் கொட்டியவர் அண்ணனின் மனைவி சோலையம்மாள். “எங்க மண்ணு, நாங்க படிக்காத பள்ளிக்கூடத்துல நிக்கட்டும்” என்று சொன்னாராம். நான் திரும்பி வந்து அதைக் கேட்டபோது அழுதேன். அந்தச் சொல்லுக்காகவும் அழுதேன், அந்த மண்ணுக்காகவும் அழுதேன்.

மணி அடிக்கிறது. தலைவர் அவர்களே, முகூர்த்தம் தவறுகிறது என்கிறீர்கள். தெரியும். காலையில் தங்கள் வீட்டு வாசலில் நின்று மன்றாடினேன். “வெள்ளையடிச்சாச்சு, பத்திரிகை கொடுத்தாச்சு, ஒரு கீறலுக்காக ஊரையே திருப்பி அனுப்பச் சொல்றேளா?” என்றீர்கள். அந்தக் கீறலில் காலையில் என் நகம் நுழைந்தது. நண்பகலில் விரல் நுழைந்தது. இந்த மேடை ஏறுமுன் போய்ப் பார்த்தேன். இனி என் கையை வைக்க எனக்குத் துணிவில்லை. இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஹாலாஸ்யத்தைக் கேட்டேன். “ஒரு மாசம் நிக்கலாம், ஒரு மணி நேரமும் நிக்கலாம், என்னால சொல்ல முடியலை மாமி” என்றார். சொல்ல முடியாததுதானே அச்சம்! அதனால்தான், கடைசியில் பேச வேண்டிய நான், முதலில் பேச இடம் கேட்டு வாங்கினேன். தாங்கள் மணியை அடியுங்கள். நான் நிறுத்தமாட்டேன்.

பேரையூர்ப் பெரியோர்களே! என் படிப்பை ஒதுக்கி வையுங்கள். ஓவர்சியர் படிப்பையும் ஒதுக்கி வையுங்கள். உங்களையே கேட்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நீங்கள் கொட்டியது என்ன மண்? செம்மண்ணா? மணலா?

கரிசல்! நீங்கள்தான் சொன்னீர்கள், நான் சொல்லவில்லை. கரிசல் கோடையில் என்ன செய்யும்? வெடிக்கும். மழைக்கு என்ன செய்யும்? உரக்கச் சொல்லுங்கள்! பொங்கும்! ஆம், பொங்கும்! கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் என்ன ஆகும்? விரியும்! கதவு என்ன ஆகும்? இறுகும்! பொங்கும் கரிசலைப் பொத்தி வைக்க யாரால் முடியும்?

தைக்கு வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். ஓதம் பின்சுவரில் ஏறியது. முன்பு அதைத் தடுத்து நின்றது காற்று. இப்போது நிற்பது கரிசல். கரிசல் குடித்தது, குடித்துப் பொங்கியது. பின்னே செங்கல், நகர இடமில்லை. முன்னே வெறும் வலை. காரையைத் தாங்கத் தெரிந்த வலைக்கு ஒரு புஞ்சையைத் தாங்கத் தெரியுமா? அது பிள்ளைத்தாய்ச்சி வயிறாய் முன்னே தள்ளிக்கொண்டு நிற்கிறது. மாவிலைத் தோரணத்தை விலக்கிப் பாருங்கள், தெரியும். வேண்டாம், யாரும் போகாதீர்கள், நான் பார்த்துவிட்டேன்.

யார் அது, எழுந்து போகிறவர்? காசிமாயன் தம்பியா? விருமாண்டி அண்ணனின் தம்பி. தம்பி, எங்கே போகிறீர்கள்? “எங்கண்ணன் செவுரு விழாது மாப்ள, இந்தா பாரு!” என்று யாரிடம் சவால் விடுகிறீர்கள்? தம்பி, குத்தாதீர்கள்! கையை எடுங்கள்! முதுகைக் கொடுக்காதீர்கள்! ஐயா, அவரைப் பிடியுங்கள்! தம்பி, உங்கள் அண்ணன் மானம் அந்தச் சுவரில் இல்லை. வாருங்கள் இப்படி. என் சொல்லுக்கு வேண்டாம், உங்கள் அண்ணி கூப்பிடுகிறார், அவருக்காக வாருங்கள்.

பார்த்தீர்களா? அவர் குத்திய இடத்திலிருந்து ஒரு கையகலக் காரை பெயர்ந்து விழுந்துவிட்டது. எங்கே விழுந்தது? தாய்மார்கள் எழுந்து வந்த பாயில். அந்தப் பாயில் இப்போது ஒருவரும் இல்லை. நான் கும்பிடாத தெய்வத்தையெல்லாம் கும்பிடுகிறேன். இந்த மேசையைப் பிடித்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

விருமாண்டி அண்ணே! இத்தனை பேர் முன்னால் உங்கள் கொடையைக் குறை சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறீர்கள். ஊரார் சிரிப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். உங்கள் முகம் சிவந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது. நான் இனி வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். உங்கள் மகள் மாயக்காள் நாளை இந்தப் பள்ளியில் சேருகிறாள். உங்கள் ஊரிலிருந்து படிக்க வருகிற முதல் பெண். சேர்க்கைப் புத்தகத்தில் அவள் பெயரை என் கையால் எழுதப் போகிறேன். அவள் வகுப்பு நடக்கப்போவது இந்த மண்டபத்தில். அவளை எங்கே உட்கார வைக்கட்டும், அண்ணே? நீங்களே இடத்தைக் காட்டுங்கள். வடக்கே என்றால் வடக்கே உட்கார வைக்கிறேன். பக்கத்தில் நானும் உட்காருகிறேன். மற்ற பிள்ளைகளையும் அங்கேயே உட்கார வைக்கிறேன். நீங்கள் விரல் நீட்டினால் போதும்.

அண்ணன் மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

சற்றுப் பொறுங்கள், யாரும் பேசாதீர்கள். அவர் சுவரைப் பார்க்கிறார். மகளைப் பார்க்கிறார். எழுந்துவிட்டார். துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டுகிறார். அண்ணே, உங்கள் சொல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை. நான் திருப்பிச் சொல்லலாமா? சபையோரே, அவர் சொல்கிறார்: “எம் மண்ணு எம் புள்ள மேல விழுந்துரக் கூடாது தாயி. கடப்பாரையக் கொண்டாங்க. நானே இடிக்கேன்.”

அண்ணே! இந்த மண்டபத்துக்கு நீங்கள் கொடுத்தவற்றில் பெரிய கொடை இந்தச் சொல்தான். ஆனால் கடப்பாரை இப்போது வேண்டாம். எல்லோரும் வெளியே போன பிறகு, ஹாலாஸ்யம் சொல்கிற முறையில், மேலிருந்து மெதுவாக. முதலில் மாயக்காளைத் தூக்கிக்கொள்ளுங்கள். தூக்கிவிட்டாரா? அப்படியே அவளோடு வாசலுக்கு நடங்கள். ஊர் உங்கள் பின்னால் வரும். பார்த்தீர்களா, வருகிறது. அந்தக் கரிசலை நாங்கள் வெளியே எறிய மாட்டோம். முற்றத்தில் கொட்டிப் பருத்தி விதைப்போம், பிள்ளைகள் பார்த்து வளர்ப்பார்கள். மண் அங்கே பொங்கட்டும், யாருக்கும் நோவில்லை.

தலைவர் அவர்களே, தாங்களும் எழுந்துவிட்டீர்கள். மணியை மேசையில் வைத்துவிட்டீர்கள். மிக்க நன்றி. தாய்மார்கள் முன்னே, குழந்தைகள் இடுப்பில், பெரியவர்கள் கைப்பிடித்து. தள்ளாதீர்கள். பச்சைச் சேலை அம்மா, செருப்பைத் தேடாதீர்கள், நான் எடுத்துவருகிறேன்.

என் உரையைப் பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்டு மணி அடித்தவர்களுக்கும், இருந்த இடத்தைவிட்டு எழுந்து என் உயிரைத் திருப்பித் தந்தவர்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. திறப்பு விழா இன்று இல்லை; சுவர் நிமிர்ந்தபின் உங்களை மறுபடி அழைப்போம். எல்லோருக்கும் வணக்கம். ஐயா, அம்மா, கைதட்ட வேண்டாம். தயவுசெய்து யாரும் கைதட்ட வேண்டாம், அந்த அதிர்வும் வேண்டாம். சத்தமில்லாமல் நடங்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்டியபின் நான் இறங்கி வருகிறேன்.