கோட்டு எடுத்துக்கிட்டியா?

ஹடர்ஸ்ஃபீல்டு தொழிலாளர் மன்றத்தின் தலைவி எட்னா கிளெக் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் தொப்பியைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருக்கும், பெரிலின் வீட்டுக்காரர் வில்ஃப்ரெட் அண்ணன் அவர்களே! பெரிலின் எழுத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே தேநீரை மடியில் கொட்டிக்கொண்ட பெருமக்களே! லண்டனிலிருந்து வந்து மேடையில் அமர்ந்திருக்கும் தொலைக்காட்சி நிலைய அதிகாரி ரூபர்ட் பென்ஹாலோ அவர்களே! உங்களையும் வணங்கித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நம் பெரில் ஹோல்ராய்ட் போய்விட்டார். ‘பின்வாசல்’ என்ற குடும்ப நகைச்சுவைத் தொடரைத் தனியொருத்தியாக எழுதிய பெரில்! அதில் அப்பா ஆர்தராக நடிக்கும் டெரிக்காகிய நான் அழுவதற்காகத்தான் வந்தேன். வாசலில் நிலையம் அனுப்பிய அந்த மலர்வளையத்தைப் பார்த்ததும் கண்ணீர் நின்று குமட்டல் வந்துவிட்டது. ‘எங்கள் அன்பின் அரசிக்கு’ என்று ரிப்பனில் தங்க எழுத்து! யாருடைய அன்பு ஐயா? படுக்கையில் கிடந்தவர் கூப்பிட்டபோது போனை எடுக்காத நிலையத்தின் அன்பா?

நாடே ஏன் ‘பின்வாசல்’ பார்த்தது? பத்திரிகைப் பண்டிதர்கள் சொன்னார்கள்: மடியில் சாப்பாட்டுத் தட்டோடு தூங்கிப்போகிறவர்களுக்கான தொடராம். நான் கொதித்தேன். பெரில் பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னார்: “தூங்கட்டுமேடா. நாளெல்லாம் நின்னு வேலை பாத்துட்டு வந்திருக்காங்க. எழுப்பி என்ன செய்யப்போற?”

ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் ஓர் அம்மாள் அவர் கையை வெடுக்கென்று பிடித்தார். “ஏண்டியம்மா, எங்க வீட்டு சமையக்கட்டு ஜன்னல்ல எட்டிப் பாத்தியா? என் வீட்டுக்காரன் பேசுறத அப்படியே எழுதியிருக்கியே!”

“உன் வீட்டுக்காரன் யாருன்னே எனக்குத் தெரியாது தாயி. என் வீட்டுலயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு” என்றார் பெரில்.

வில்ஃப்ரெட் அண்ணே, சிரிக்காதீர்கள். உங்களைத்தான் சொன்னார்.

இது பென்ஹாலோ அவர்களுக்குப் போதவில்லை. காரணத்தை ஆராய்ந்து கண்டுபிடிக்க வேண்டுமாம்! பார்வையாளர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, சாண்ட்விச் கொடுத்து, ஏன் பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒரு பஸ் டிரைவர் சொன்னார்: “அந்த வீட்டுல யாரும் திருந்த மாட்டாங்க சார். எங்க வீடு மாதிரியே.” அதைவிட நல்ல பதில் உண்டா? அதைக் கேட்ட இவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? அந்தக் குடும்பத்தைத் திருத்திவிட வேண்டும் என்று! சீச்சீ!

கடைசிப் பகுதியைப் பெரில் எழுதி முடித்திருந்தார். மகள் வீட்டை விட்டுப் போகிறாள். பின்வாசலில் அப்பா நிற்கிறார். “கோட்டு எடுத்துக்கிட்டியா?” என்கிறார். “எடுத்துக்கிட்டேன்.” “அப்ப மாட்டிக்கோ.” கதவு சாத்திக்கொள்கிறது. அவ்வளவுதான்.

நிலையம் அதைத் திருத்தி எனக்கு அனுப்பியது. அப்பா ஓடிப்போய் மகளைக் கட்டிப்பிடிக்கிறார்! “மகளே, நான் உன்னை உயிருக்கு உயிராக நேசிக்கிறேன்” என்கிறார்! பின்னணியில் வயலின்! பெருமக்களே, இந்த மன்றத்தில் எந்த அப்பா அப்படிச் சொல்லியிருக்கிறார்? சொன்னால் பிள்ளைகள் டாக்டரைக் கூப்பிட மாட்டார்களா? நம்மவர்களுக்கு வராத வார்த்தை அது. அது வராமல், தொண்டையில் சிக்கி, கடைசியில் கோட்டாக வெளியே வருகிறதே, அதைப் பார்த்துத்தான் நாடு சிரித்தது. சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தது.

அந்தத் தாள்களை மருத்துவமனைக்கு எடுத்துப்போனேன். பெரில் படித்தார்.

“கொமட்டுதுடா டெரிக்.”

“நர்ஸைக் கூப்பிடவாக்கா?”

“மருந்தால இல்லடா, மடையா! இத நீ பேசுவியா?”

“மாட்டேன்க்கா.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுநாள் போய்விட்டார்.

வரும் வியாழக்கிழமை அந்தக் கடைசிப் பகுதியின் பதிவு. உங்கள் முன்னிலையில், பெரில் மேல் ஆணையாகச் சொல்கிறேன். பின்வாசலில் நின்று நான் பெரிலின் வரியைத்தான் பேசுவேன். வேண்டுமானால் வேறொருவனை அப்பாவாகப் போட்டுக்கொள்ளுங்கள். நாடு எந்த அப்பாவைத் தேடும் என்று பார்த்துவிடலாம்! நீங்கள் அத்தனை பேரும் பதிவுக்கு வாருங்கள். வயலின் கேட்டால் எழுந்து வெளியே போங்கள். அவர் விட்ட இடத்தில் நாம் நிற்போம்.

என்ன, பென்ஹாலோ அவர்களே, எழுந்துவிட்டீர்கள்? நான் இன்னும் முடிக்கவில்லையே. ரயிலுக்கு நேரமாகிவிட்டதா? போங்கள். தாராளமாகப் போங்கள். எனக்கு உங்கள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வில்ஃப்ரெட் அண்ணே, என்ன சொன்னீர்கள்? அவரிடமா சொன்னீர்கள்? சபைக்குக் கேட்கட்டும், இன்னொரு முறை சொல்லுங்கள்.

“வெளிய மழை கொட்டுது, தம்பி. கோட்டு எடுத்துக்கிட்டியா?”

கேட்டீர்களா, பென்ஹாலோ அவர்களே? உங்களிடம்கூட!

நாற்காலியில் கிடக்கிறது பாருங்கள். மாட்டிக்கொண்டு போங்கள்.