கிருபாநிதி சாரின் நாற்காலி

நாற்காலி நல்ல நாற்காலி, ஐயா. குறை சொல்ல ஒன்றுமில்லை. முதுகுக்கு வலை, கழுத்துக்குத் தலையணை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு எங்கள் கண்டெய்னர் யார்டு முதலாளி வாங்கிக் கொடுத்தது. நாசரேத்தில் கிருபாநிதி சார் வீட்டு மாடிக்கு அதைச் சுமந்தது நானும் ஜாக்சனும்.

சார் எங்கள் அதிகாரி. வெளிநாட்டு மரக்கட்டைகள் வரும் கண்டெய்னரில் பூச்சி சாக நஞ்சுப் புகை அடைத்திருப்பார்கள். அதற்கு வாசனை கிடையாது. கதவைத் திறக்குமுன் குழாய் விட்டு, மீட்டர் காட்டுவதைப் போனில் படம் எடுத்து அவருக்கு அனுப்ப வேண்டும். அவர் பார்த்து ‘திறக்கலாம்’ என்று பதில் போட வேண்டும். முன்பெல்லாம் யார்டில் நின்று பார்ப்பார். பிறகு சலுகை வந்தது. வீட்டிலேயே இருக்கலாம், தோதான நேரத்தில் வேலை பார்க்கலாம்.

மாடியில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன.

“ஒண்ணு நம்ம கம்பெனி. இன்னொண்ணு வெளிநாட்டுக்காரனுக்கு. ஆபீஸ் முடிஞ்சி விடிய விடியப் பாக்கேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி,” என்றார்.

“அப்போ எப்பதான் சார் தூங்குவிய?” என்றான் ஜாக்சன்.

“அதுக்குத்தானல நாற்காலி.”

இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மனைவி செல்வராணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அரைநாள் கேட்டபோது, யார்டு ஆட்களுக்குச் சலுகை கிடையாது என்றவர் இவர்தான்.

“பொழைக்கத் தெரிஞ்ச மனுசன். ஒமக்கு ஏன் வயிறு எரியுது வாத்தியாரே?” என்றான் ஜாக்சன், திரும்பும்போது. ஐம்பது வயதுக்குமேல் நான் தமிழும் ஆங்கிலமும் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதற்கு அவன் வைத்த பெயர் அது.

பிறகு ஒருநாள், மீட்டருக்குப் பதிலாக, கேட்டில் படுத்திருந்த நாயைப் படம் எடுத்து அனுப்பினேன். ‘திறக்கலாம்’ என்று வந்தது. என் தூக்குச்சட்டியை அனுப்பினேன். அதையும் திறக்கலாம் என்றார். ஜாக்சனிடம் காட்டினேன்.

“நாய்க்குள்ள எறங்கியா லோடு எறக்கச் சொல்லுதாரு?” என்று விழுந்து விழுந்து சிரித்தான். முதலாளியிடம் சொல்வோம் என்றேன். “நமக்கும் சோலி சீக்கிரம் முடியுதுல்லா, சும்மா இரும்.”

இப்படிப்பட்ட ஆட்களோடுதான் நான் வேலை பார்த்தேன், ஐயா.

நாய்ப் படத்தை முதலாளியிடம் காட்டினால் விளையாட்டு என்று சிரித்துவிட்டுப் போவார். காட்டுவதற்கு நிஜமான ஒன்று வேண்டியிருந்தது.

அன்று காலை மீட்டரில் சிவப்பு எரிந்தது. ‘டேஞ்சர்’ என்று ஆங்கிலத்தில். வெயில் மறைக்காதபடி கையால் நிழல் கொடுத்து, தெளிவாகப் படம் எடுத்து அனுப்பினேன். பதில் வந்தது.

“சார் என்ன சொல்லுதாரு வாத்தியாரே?”

“திறக்கலாம்னு சொல்லுதாரு.”

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. காற்று கடல் பக்கமிருந்து வந்தது. நான் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன். ஜாக்சன் எப்போதும்போல் பாடிக்கொண்டே உள்ளே போனான். பாட்டு நின்ற பிறகு ஆட்களைக் கூப்பிட்டேன்.

கிருபாநிதி சாரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். நாற்காலியைத் திருப்பிக் கொண்டுவர என்னைத்தான் அனுப்பினார்கள். தனியாக இறக்கியபோது கனமாக இருந்தது.

அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். ‘சுடலைக்கண்ணன் எழுத்தறிவில்லாதவர். மீட்டரில் வந்தது அவருக்குப் புரிந்திருக்காது. அவர்மேல் தவறில்லை.’ என்னைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினார் என்கிறீர்கள். இருக்கட்டும்.

நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் அனுப்பினேன். படித்துவிட்டுத்தான் அவனை உள்ளே விட்டேன். ஜாக்சனைக் கொன்றது அவருடைய தூக்கம்; அதில் எனக்குப் பங்கில்லை. நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். எழுத்தறிவில்லாதவர் என்ற அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள், ஐயா. அது அநியாயம்.