பொட்டு வச்ச பல்பு

ஆனந்தராஜ்: போதும் ஈஸ்வரி, கார் பானட்ட மூடு. நாளைக்கு மெக்கானிக்கக் கூப்பிட்டுக்கலாம்.

ஈஸ்வரி: நாளைக்கா? நாளக் கழிச்சு பாப்பாவுக்குக் காதுகுத்து. இன்னைக்கே திருமயம் போயி எங்கண்ணன வெத்தல பாக்கு வச்சு அழைச்சாகணும். அந்தத் துணிய எடுங்க.

ஆனந்தராஜ்: போறது சரி, திரும்பி வர இருட்டிருமே. ரெண்டு லைட்டும் எரியல. நான் என்ன பண்ண?

ஈஸ்வரி: அதான் பல்பு மாத்துறேன்ல...

ஆனந்தராஜ்: ஒரு போனப் போட்டுச் சொன்னா வர மாட்டாராமா?

ஈஸ்வரி: பொண்ணெடுத்த வீட்டுத் தாய்மாமனப் போன்லயா அழைப்பாங்க? அவரு மடியில ஒக்கார வச்சுத்தான் குத்தணும். அவரு வரலைன்னா ஆசாரிய நான் பாப்பா பக்கத்துலயே விட மாட்டேன்.

ஆனந்தராஜ்: சரி சரி... அழுவாத.

ஈஸ்வரி: யாரு அழுதா? வேர்வை. கொஞ்சம் அங்கிட்டு நில்லுங்க... இந்த சாக்கெட்ட இழுத்தா... வந்துருச்சு!

ஆனந்தராஜ்: காதுல என்னத்த மாட்டிருக்க?

ஈஸ்வரி: வீடியோங்க. எப்படி மாத்துறதுன்னு சொல்றாங்க.

ஆனந்தராஜ்: பல்பு ஏது?

ஈஸ்வரி: பார்சல்ல வந்துச்சு. பஸ்ல.

ஆனந்தராஜ்: ஆன்லைனா?

ஈஸ்வரி: ம்... அது மாதிரிதான். வைப்பரும் ஒரு ஜோடி வச்சு அனுப்பிருக்காங்க.

ஆனந்தராஜ்: நம்ம வைப்பர் கிழிஞ்சது அவனுக்கு எப்புடித் தெரியும்?

ஈஸ்வரி: எல்லா வண்டியிலயும் கிழிஞ்சுதான கெடக்கு... ரப்பர் மூடியக் கழட்டிட்டு, கம்பி கிளிப்ப அமுக்கி, பக்கவாட்டுல தள்ளணுமாம்.

ஆனந்தராஜ்: ஆளு வெவரமாத்தான் சொல்றான்.

ஈஸ்வரி: ரொம்ப வெவரம்ங்க. ...என்ன? ஆங், சரிண்ணே.

ஆனந்தராஜ்: வீடியோக்காரன எதுக்கு அண்ணேங்கிற?

ஈஸ்வரி: ஒரு மரியாதைதான்... ஐயோ, கைய எடுங்க! கண்ணாடியில வெரல் படக் கூடாதாம். எண்ணெப்பசை ஒட்டுனா சூட்டுல வெடிச்சுருமாம். துணியால புடிங்க. பொட்டும் வைக்கக் கூடாதாம்.

ஆனந்தராஜ்: பொட்டா? வீடியோவுல பொட்டப் பத்தியா சொல்றான்?

ஈஸ்வரி: அது... நானாத்தான் சொன்னேன்.

ஆனந்தராஜ்: குத்திக் காட்டுற. ஆயுத பூஜைக்கு அருவா, சுத்தியல், தையல் மிஷின் எல்லாத்துக்கும்தான் பொட்டு வைக்கிறோம். அன்னைக்கு வாங்குன புது பல்புக்கும் சந்தனம் குங்குமம் வச்சு மாட்டுனேன். அது ஒரு குத்தமா?

ஈஸ்வரி: பக்தி கொஞ்சம் கூடிப் போச்சு.

ஆனந்தராஜ்: வெடிச்சது வெடிச்சுச்சு. அதுக்காக, ஸ்பேர் பார்ட்ஸ் கடை வச்சுருக்க ஒங்கண்ணன், கல்யாண வீட்டுல, பந்தியில, அத்தன சனத்துக்கு முன்னாடி... "எங்க மாப்ள பல்புக்கே பொட்டு வச்ச மனுசன்"னு சிரிக்கணுமா? சாம்பார் ஊத்துன ஆளு வாளியக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான் ஈஸ்வரி!

ஈஸ்வரி: ஹ்ம்ம்... க்கும்...

ஆனந்தராஜ்: நீயும் சிரிக்கிற பாத்தியா!

ஈஸ்வரி: இல்லங்க... சிரிக்கல. ஒரு வருசமா எங்க வீட்டுப் படிய நீங்க மிதிக்கல. அவரும் இங்கிட்டு வரப் பயந்துக்கிட்டு கெடக்காரு. பாப்பாவ ஆஸ்பத்திரியில தூக்குனதோட சரி. அது எட்டு வச்சு நடக்குறத போன்லதான் பாத்தாரு. எனக்கு வலிக்காதா?

ஆனந்தராஜ்: இந்தா, அந்தப் பல்பையும் மாட்டு.

ஈஸ்வரி: மாட்டியாச்சு. சுவிச்சப் போடுங்க.

ஆனந்தராஜ்: போட்டுட்டேன்.

ஈஸ்வரி: எரியலயே...

ஆனந்தராஜ்: பாத்தியா! நான்தான் சொன்னேன்ல!

ஈஸ்வரி: அதுக்கு ஏன் இம்புட்டு சந்தோசம்?

ஆனந்தராஜ்: சந்தோசமா... எனக்கா?

ஈஸ்வரி: இருங்க... புது பல்பு ரெண்டும் எரியலைன்னா ஃபியூஸ் பொட்டியத் தொறந்து பாக்கணுமாம்.

ஆனந்தராஜ்: அதத் தொடாத. ஷாக் அடிக்கும்.

ஈஸ்வரி: பன்னெண்டு வோல்ட்டு அடிக்காதாம். ...என்னங்க, ஹெட்லைட்டுனு போட்டுருக்க எடத்துல ரெண்டு ஃபியூஸையும் காணோம்.

ஆனந்தராஜ்: எலி தூக்கிட்டுப் போயிருக்கும்.

ஈஸ்வரி: தூக்கிட்டு, மூடியையும் பழையபடி மாட்டிட்டுப் போச்சா?

ஆனந்தராஜ்: அந்த வீடியோவ மொதல்ல நிறுத்து!

ஈஸ்வரி: நிறுத்த முடியாதுங்க... ஸ்பீக்கர்ல போடுறேன், நீங்களே பேசிக்கங்க.

ஆனந்தராஜ்: வீடியோகிட்ட நான் என்ன பேச?

மலையாண்டி: மாப்ள... மலையாண்டி பேசுறேன்.

ஆனந்தராஜ்: மச்சானா?

மலையாண்டி: அன்னைக்கு நான் சிரிச்சது தப்புதான். மனசுல வச்சுக்காதீங்க. பாப்பாவத் தூக்கணும் போல இருக்கு மாப்ள. அந்த ஃபியூஸ மட்டும் சட்டப் பையிலேர்ந்து எடுத்து மாட்டிட்டு, எல்லாரும் வாங்க.

ஈஸ்வரி: என்னங்க... அண்ணன் கேக்குறாருல்ல?

ஆனந்தராஜ்: சட்டப் பையில இல்ல மச்சான்... சாமி படத்துக்குப் பின்னாடி வச்சுருக்கேன். பொட்டு வைக்கல.